சென்ட் பாட்டிலில் இருக்கும் நீலம்

டாக்டரம்மா,

உங்கள் நீலம் இப்போது என் அடுப்படி ஜன்னலில் இருக்கிறது. காலையில் வெயில் ஏறி வரும்போது அந்தப் பாட்டிலுக்குள் புகுந்து, எதிர்ச் சுவரில் கைக்குட்டை அளவுக்கு ஒரு நீலத்தை விரித்துப் போடுகிறது. அரிசி களைந்துகொண்டே அதைப் பார்த்தபடி நிற்கிறேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு சுருசுருவென்று சத்தம் போட்ட பிறகுதான் சுயநினைவு வருகிறது.

போன வாரம் உங்கள் தம்பி மனைவி வந்தார்கள். தருமபுரத்து வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறார்களாம். முன்னறையில் இருந்த மேசை, புத்தகங்கள், தராசு எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். "இது மட்டும் அலமாரி மேல்தட்டுல தனியா இருந்துச்சு. அடியில உங்க பேரு எழுதி ஒட்டியிருக்கு" என்று பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்கள். எங்கள் வீட்டு சென்ட் பாட்டில், எப்போதோ உங்களிடம் விட்டுவந்தது. என் மாமனார் சைகோனில் கடை வைத்திருந்த காலத்தில் கொண்டுவந்தது. பக்கத்தில் இருந்த தங்க எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. கண்ணாடி மூடி மட்டும் இன்னும் அப்படியே இறுக்கமாக நிற்கிறது. அதற்குள் பாதி அளவுக்கு, நீங்கள் மூத்திரம் சோதிக்கிற அந்த நீல மருந்து.

"விஷம் கிஷமா இருக்கப் போவுது, கொட்டிடுங்க" என்றார்கள் உங்கள் தம்பி மனைவி. தலையை ஆட்டினேன். கொட்டவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். இதை எழுத உட்கார்ந்தபோது கை கூசியது. ஆனால் நீங்கள் என்னிடம் அடிக்கடி சொல்வீர்களே, "நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க, அது போதும் எனக்கு" என்று. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இவர் துபாய்க்குப் போய்விட்டார். வீட்டில் இவருடைய உம்மா, என் மாமியும் நானும்தான். இவர் விடுப்பில் வருவார், போவார். முதல் இரண்டு பிள்ளையும் எனக்குத் தங்கவில்லை. இரண்டும் மாதம் நிறைந்துதான் பிறந்தன. கொழுகொழுவென்று, கன்னம் புடைத்து, தலை நிறைய முடியோடு. மூச்சு மட்டும் இல்லை. பார்க்க வந்த பெண்கள், "இவ்வளவு வளர்த்தியா இருக்கே, இதுக்கா இப்படி" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி ஜின் பார்வை என்றாள். இன்னொருத்தி என் உடம்புச் சூடு என்றாள். நூல் மந்திரித்துக் கட்டினார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள்.

மூன்றாவதாக முழுகாமல் இருந்தபோது மாமி என்னை விழுந்து விழுந்து கவனித்தார்கள். பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று காலையில் முட்டையும் சீனியும் அடித்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம். நெய்யும் ரவையும் சீனியும் போட்டுக் கிளறிய தம்ரூட்டைத் தகர டப்பாவில் போட்டு என் தலைமாட்டிலேயே வைத்திருப்பார்கள். எனக்கும் தாகமோ தாகம். குடம் குடமாகக் குடித்தேன். பிள்ளை கேட்கிறது என்றார்கள் மாமி.

ஒரு நாள் மாமியின் ஒன்றுவிட்ட அக்கா வந்திருந்தபோது, அறைக்குள் படுத்திருந்த என் காதில் விழுந்தது. "இதுவும் தங்கலேன்னா மவனுக்கு வேற இடம் பாரு. ஒரே புள்ள வச்சிருக்கே" என்றார் அவர். மாமி வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். 

அந்தச் சமயத்தில்தான் மாமிக்குக் காலில் புண் வந்து ஆறவில்லை. தருமபுரத்தில் ஒரு பொம்பளை டாக்டர் வந்திருக்கிறார், சீனி வியாதிக்கென்றே படித்தவர், சொல்தா வீட்டுப் பெண் என்றார்கள். உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் அந்த வீட்டுக்கே சொல்தா வீடு என்றுதான் பெயர். மாமி தனியாக வெளியில் போகமாட்டார்கள். இருவரும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினோம். நீங்கள் அப்போதுதான் மொபெட்டை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். சேலையை முழங்கால் பக்கம் இறுக்கிச் செருகியிருந்தீர்கள். மாமி என் காதில், "இதுவா டாக்டரு? பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி இருக்கு" என்றார்கள். உங்கள் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே போனீர்கள்.

நீங்கள் மாமியை எதற்கும் திட்டவில்லை. மற்ற டாக்டர்கள் சோற்றை நிறுத்து, அதை நிறுத்து, இதை நிறுத்து என்பார்கள். நீங்கள், "நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டு, கதை கேட்கிற மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டீர்கள். மாமிக்கு உங்களைப் பிடித்துப் போயிற்று. தகராறு நோன்பில்தான் வந்தது. ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது.

"எதை வேணா விடச் சொல்லுங்க, விடுறேன். நோன்பை மட்டும் விடச் சொல்லாதீங்க" என்றார்கள் மாமி.

"நான் விடச் சொல்லல மாமி. உங்க சீனிதான் சொல்லுது."

ஒவ்வொரு வாரமும் மூத்திரம் கொண்டுவர வேண்டும், இந்தக் கண்ணாடிக் குழாயில் நீலம் நீலமாகவே நின்றால் நோன்பைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டீர்கள். மாமிக்கு வாரா வாரம் அது ஆரஞ்சு நிறத்தில்தான் வந்தது.

பிறை பார்க்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலையில் மாமி இந்த சென்ட் பாட்டிலைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். "நீ போய் இதுல பிடிச்சுட்டு வா" என்றார்கள்.

எனக்கு முதலில் புரியவில்லை. "யாருக்கு மாமி?" என்றேன்.

"டாக்டரம்மாவுக்குத்தான். நீ வயசுப் புள்ள. உனக்கு நீலமா நிக்கும்."

ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துப் போனால் தெருவில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது என்னவென்று தெரிந்துவிடும். சென்ட் பாட்டில் என்றால் கௌரவம். அதுதான் மாமியின் கணக்கு. மறுத்துப் பேச எனக்கு அந்த வீட்டில் அப்போது வாய் கிடையாது.

நீங்கள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமி, இதென்ன பாரிசு சரக்குல்ல கொண்டாந்திருக்கீங்க" என்றீர்கள். உள்ளேயிருந்து உங்கள் அப்பா எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தேய்ந்த எழுத்தைப் பிரெஞ்சில் ஒரு பாட்டு மாதிரி படித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கப் போனவரை நீங்கள் பாய்ந்து தடுத்தீர்களே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

குழாயில் நீல மருந்தை ஊற்றினீர்கள். பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டீர்கள். ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் குலுக்கிக்கொண்டே இருந்தீர்கள். மாமி துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, ஜெயித்த ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நீலம் கலங்கிற்று. பச்சையாயிற்று. மஞ்சளாயிற்று. அங்கேயும் நிற்கவில்லை. செங்கல்லை உரசிக் கரைத்தது மாதிரி ஆகிவிட்டது. மாமிக்கு அதுவரை அப்படி வந்ததே இல்லை.

உங்கள் முகம் மாறிப் போயிற்று. "மாமி, இது ரொம்ப மோசமா இருக்கே. மாத்திரை போதாது. இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கணும்" என்றீர்கள்.

மாமி குனிந்து குழாயைப் பார்த்தார்கள். பிறகு, "அது என்னோடது இல்ல" என்றார்கள்.

"பின்ன யாரோடது?"

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள். முதல் முறையாக என்னைப் பார்த்தீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை நான் மாமியோடு வருகிற துணை. துப்பட்டிக்குள் என் வயிறு இருந்தது உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்துபோயிருந்தேன். நீங்களோ, பாட்டிலில் பழைய சென்ட் ஒட்டியிருந்தால் ஏதாவது தப்பு காட்டியிருக்கலாம் என்று சொல்லி, ஒரு சுத்தமான கிண்ணத்தைக் கொடுத்து என்னைக் கொல்லைப்பக்கம் அனுப்பினீர்கள். மறுபடி காய்ச்சினீர்கள். மறுபடியும் செங்கல். "முழுகாம இருக்கறப்ப சில பேருக்கு சும்மாவும் இப்படி வரும். ரத்தம் பார்த்தாத்தான் உண்மை தெரியும்" என்று கையிலிருந்து ரத்தம் எடுத்தீர்கள். எடுத்துக்கொண்டே கேட்டீர்கள், இது எத்தனாவது பிள்ளை என்று. சொன்னேன். முதல் இரண்டும் எப்படி இருந்தன என்று கேட்டீர்கள்.

அவை எப்படிப் போயின என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள். எப்படி இருந்தன என்று ஒருவரும் கேட்டதில்லை டாக்டரம்மா. சொன்னேன். கன்னம், முடி, தொடை மடிப்பு, எல்லாம் சொன்னேன். நீங்கள் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினீர்கள். ரத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நீங்களே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். எனக்குச் சீனி இருக்கிறது என்றீர்கள். பிள்ளைகள் பெரிதாக வளர்ந்து கடைசி மாதத்தில் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றீர்கள். "இருக்கலாம்னுதான் சொல்றேன். நிச்சயமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா இந்தப் புள்ளையை விடக்கூடாது" என்றீர்கள்.

மாமி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். "அப்ப நானே ஊட்டி ஊட்டிக் கொன்னுட்டேனா?" என்று கேட்டார்கள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நீங்கள் எழுந்து போய் மாமிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தீர்கள். "நீங்க சீனியே கொடுக்காம இருந்திருந்தாலும் இது வந்திருக்கும். படிச்ச நாங்களே முழுகாம இருக்கற பொண்ணுங்களுக்கு இதைத் தேடிப் பார்க்குறதில்ல. நீங்க அந்தப் பாட்டிலைக் கொண்டு வரலேன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது" என்றீர்கள். மாமி அன்றைக்கே தம்ரூட் டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஊசி என்றதும் வேறொரு கேள்வி வந்தது. இதை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று மாமி கேட்டார்கள். செடி, வேர் என்று நீங்கள் எதையாவது சொல்லியிருக்கலாம். எங்களுக்கு என்ன தெரியப் போகிறது? "மாட்டுலேர்ந்தும் எடுப்பாங்க, பன்றியிலேர்ந்தும் எடுப்பாங்க. இது எதுன்னு விசாரிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போனீர்கள். பொழுது சாய்வதற்குள் மொபெட் சத்தம் கேட்டது. மருந்துக் கடையில் கேட்டு, அங்கிருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு, நின்று கேட்டுவிட்டு வந்திருந்தீர்கள். வாசலில் இருந்தபடியே, "மாடு, மாமி" என்றீர்கள். மாமி ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

பல வருஷம் கழித்து ஒரு பெருநாள் அன்று பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமியிடம் கேட்டீர்கள், "அன்னிக்குப் பன்றின்னு வந்து சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று. மாமி இன்னொரு கரண்டி உங்கள் தட்டில் வைத்துவிட்டு, "பள்ளிவாசல்ல ஆலிம்சாகிட்டப் போய் நின்னிருப்பேன். உசுருக்குன்னா கூடும்னுதான் அவரும் சொல்லியிருப்பாரு. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஏண்டி கேட்டோம்னு என்னையே திட்டியிருப்பேன்" என்றார்கள். அதற்குள் நீங்கள் எங்கள் வீட்டில் டாக்டரம்மா இல்லை, புள்ள ஆகிவிட்டிருந்தீர்கள்.

ஊசி போட எனக்கே கற்றுக் கொடுத்தீர்கள். வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றி முதலில் கத்திரிக்காயில் குத்திப் பழகச் சொன்னீர்கள். குத்திக் குத்தி ஒரு கூடைக் கத்திரிக்காய் அழுதுகொண்டிருந்தது. சாயங்காலம் நான் அதைக் குழம்பு வைக்க, மாமி தட்டைத் தள்ளிவிட்டு, "ஊசி போட்ட கத்திரிக்காயெல்லாம் எனக்கு ஆகாது" என்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. பெரிய பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையைப் புதைத்து, அதற்குள் மருந்துக் குப்பியை வைக்கச் சொன்னீர்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளிக்கிற வேலையை மாமி எடுத்துக்கொண்டார்கள். நோன்பு பிடிக்க முடியாத அந்த மாதம் முழுவதும், தொழுகை முடிந்து எழுந்தவுடன் நேரே பானையிடம்தான் போவார்கள். துஆ கேட்டுக்கொண்டேதான் தண்ணீர் தெளிப்பார்கள். மணலுக்கு வாய் இருந்தால் அதுவும் ஆமீன் சொல்லியிருக்கும்.

கடைசி மாதம் நெருங்க நெருங்க நீங்கள் சாப்பிடாமல் இளைத்துப் போனீர்கள். தானாக வலியெடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது, பிள்ளையை முன்னாலேயே எடுக்க வேண்டும் என்பது உங்கள் எண்ணம். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ டாக்டர், குறைமாதத்தில் எடுத்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், கொஞ்சம் பொறுக்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று நீங்களே பிறகு சொன்னீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டதை நான் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. என் பிள்ளையைப் பற்றித்தான் என்பது மட்டும் தெரிந்தது. வெளியே வந்து, "நாளைக்கு" என்றீர்கள். 

மறுநாள் மயக்கம் தெளிந்தபோது எனக்கு முதலில் கேட்டது மாமியின் சண்டை. "தாய்க்குச் சீனி ஆகாதுங்குறீங்க, பொறந்த புள்ளைக்குச் சீனித்தண்ணி ஊத்துறீங்க. இது என்ன நியாயம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அழுகைச் சத்தம். பூனைக்குட்டி மாதிரி மெலிசாக, நிற்காமல். என் பிள்ளை அழுதது டாக்டரம்மா. அதற்கு முன் இரண்டு முறையும் பிள்ளை பிறந்த அறையில் சத்தமே இருந்ததில்லை.

சீனி உள்ள தாய்க்குப் பிறக்கிற பிள்ளைக்குப் பிறந்தவுடன் உடம்பில் சீனி இறங்கிவிடும், கொடுக்காவிட்டால் ஆபத்து என்று மாமிக்கு விளக்கிக்கொண்டே, சின்னக் கரண்டியால் அதன் வாயில் விட்டுக்கொண்டிருந்தீர்கள். மாமியின் முந்தானை முடிச்சில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் கொடுத்த பேரீச்சம்பழம் இருந்தது. பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பு, சேனை, தன் கையால்தான் தொட்டு வைக்க வேண்டும் என்று மாதக்கணக்காகப் பொத்தி வைத்திருந்தது. யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள் இல்லையா? கரண்டியைப் பார்த்துவிட்டு மாமி முடிச்சை அவிழ்க்காமல் நின்றார்கள். பிறகு, "சரி போ. ஒன் குணம்தான் வரும்னு இருக்கு" என்றார்கள். அன்றைக்குத்தான் முதல்முதலாக உங்களை ஒருமையில் பேசினார்கள்.

மரியம் என்று பேர் வைத்தோம். உங்கள் மாதாவும் எங்கள் மரியமும் ஒருவர்தானே என்று மாமிதான் சொன்னார்கள். பேர் எங்களுடையது, குணம் உங்களுடையதுதான். நடக்கத் தொடங்கியதிலிருந்து கேள்வி. எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, உப்பளத்தில் தண்ணீர் எங்கே போகிறது. பதில் சொல்லாவிட்டால் விடமாட்டாள். மாமி தலையில் அடித்துக்கொண்டு, "யாரு சேனை வச்சது? அந்தச் சொல்தா வீட்டுப் புள்ளதானே, போய் அவகிட்டயே கேளு" என்று விரட்டுவார்கள். அவளும் வந்து கேட்பாள். நீங்களும் நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு அவளுக்குப் பதில் சொல்வீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் ஆராய்ச்சி வீடு வீடாக நடக்க ஆரம்பித்தது. முழுகாமல் இருக்கிற பெண்களையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினீர்கள். எங்கள் தெருக்களில் முதலில் ஒருத்தியும் பிடி கொடுக்கவில்லை. நல்ல உடம்புக்கு எதற்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கோவில்பத்தில் ஒரு வீட்டில் அந்த வீட்டு மாமியார் வழியை மறித்து நின்றபோது, எனக்கு வேறு ஒன்றும் தோன்றாமல் எங்கள் சென்ட் பாட்டில் கதையைச் சொன்னேன். உங்கள் அப்பா முகர்ந்து பார்க்கப் போன இடத்தில் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது என்னோடது இல்ல" என்று மாமி சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மருமகளைக் கூப்பிட்டு, போய் உட்காரு என்றார்கள்.

அன்றிலிருந்து அது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. "நான் பேசினா பாடம் நடத்துற மாதிரி இருக்கு. நீங்க பாட்டிலைச் சொல்லுங்க" என்பீர்கள். இந்து வீடு, உங்கள் வேதக்கார வீடு, எங்கள் வீடு என்று எத்தனை வாசலில் அதைச் சொல்லியிருப்பேன். ஒருமுறை மாமியே கூட வந்து, தன் பங்குக்கு நடித்தும் காட்டினார்கள். அடுத்த ரமலானில் மாத்திரை நேரத்தை மாற்றி மாமிக்குச் சில நோன்புகளை நீங்கள் அனுமதித்ததற்கு அதுதான் கைமாறு என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தச் சோதனைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படிக்கப் பாரிசுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அங்கேயே பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலையும் தருவதாகச் சொன்னார்களாம். நீங்கள் போன நாட்களில் வீதியில் மொபெட் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்ப்பேன். மாமி, "அவ வரமாட்டா. அங்க எல்லாம் நல்லா இருக்குமாம்" என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வார்கள். வந்துவிட்டீர்கள். உங்கள் அப்பா உங்களோடு வெகுநாள் பேசவில்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அங்க மெஷினெல்லாம் இருக்கு. கோவில்பத்துல போன மாசம் ரத்தம் எடுத்த பொண்ணு இங்கதான இருக்கா" என்றீர்கள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டேதான் சொன்னீர்கள்.

மாமி மவுத்தாகி, வீட்டில் கிடத்தியிருந்தபோது நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தீர்கள். அடுத்த சில வருஷத்தில் உங்களுக்கே இப்படி ஆகும் என்று யார் நினைத்தது? எல்லாருடைய ரத்தத்தையும் பார்த்தீர்கள், உங்கள் நெஞ்சை ஒருவரும் பார்க்கவில்லை. போன ஐப்பசி மழையில், நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தது. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாதா கோவில் வாசலுக்கு வந்தேன். மரியம் குடை பிடித்தாள். எங்களைப் போல வெள்ளைத் துப்பட்டிகள் அங்கே நிறைய நின்றன. எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் போன பிறகு நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. மரியம் பிறந்த பின் குறைந்திருந்த சீனி பிறகு திரும்பி வந்து என்னோடேயே தங்கிவிட்டது உங்களுக்குத் தெரியும். ஊசியை ஒரு நாள் போடுவேன், ஒரு நாள் விடுவேன். யாருக்காகப் போட வேண்டும் என்று இருந்தது. பாதம் எரிந்தது. தாகம் எடுத்தது. பழைய தாகம்.

நேற்று சாயங்காலம் மரியம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். "உம்மா, இந்த மருந்து இன்னும் வேலை செய்யுதான்னு பார்ப்போமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அது டாக்டரம்மா ஞாபகமாக அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"டாக்டரம்மா இதை ஞாபகத்துக்கா வச்சிருந்தாங்க? சோதிக்கத்தானே வச்சிருந்தாங்க" என்றாள். உங்கள் குரல்தான் டாக்டரம்மா. சேனை வேலை செய்கிறது.

நான் தண்ணீர் குடிப்பதை எத்தனை நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. ஒரு கிண்ணத்தை என் கையில் வைத்தாள். எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் வந்தேன். அவள் மூடியைத் திருகித் திறந்து நீலத்தைக் குழாயில் அளந்து ஊற்றி, கிண்ணத்திலிருந்து சில சொட்டு விட்டாள். குழாயை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் காட்டி, நீங்கள் குலுக்குகிற மாதிரியே குலுக்கினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கலங்கியது. பச்சை. மஞ்சள். அங்கே நில் என்று மனசுக்குள் சொன்னேன். நிற்கவில்லை.

மரியம் குழாயை இறக்கினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், நீங்கள் தலையைச் சாய்க்கிற மாதிரி சாய்த்து, "உம்மா, இது யாரோடது?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னோடதுதான்" என்றேன்.

நாளைக் காலையில் அவள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். இன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டேன். பாட்டிலை மூடித் திரும்பவும் ஜன்னலில் வைத்திருக்கிறேன். சுவரில் விழுகிற நீலம் முன்னைவிடக் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. அவள் கேட்டால் இன்னும் ஊற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.